மாடி மழைநீரை மண்ணால் வடிகட்டும் செடித்தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரில் எங்கள் வீட்டு முன்புறம், சுற்றுச்சுவரை ஒட்டிப் பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு செங்கல் தொட்டி இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் அதில்தான் வந்து விழுகிறது. கல்வாழையும் வெட்டிவேரும் நிற்பதால் புதிதாக வருபவர்கள் பூந்தொட்டி என்றே நினைப்பார்கள். மழை பெய்யும் நேரத்தில் பார்த்துவிட்டவர்களோ நின்று கேள்வி கேட்காமல் போவதில்லை. ஆறு மழைக்காலமாக நான் வாய்வார்த்தையாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இது பூந்தொட்டிதானே? வேறு என்ன இருக்கிறது இதில்?

பூந்தொட்டிக்கு நாம் நீர் ஊற்றுகிறோம். இதற்கு வீடே நீர் ஊற்றுகிறது. மாடியில் விழும் மழை குழாய் வழியாகத் தொட்டிக்கு வந்து, செடிகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்குத் தேங்கி, மணல் கலந்த மண்ணில் மெல்ல இறங்குகிறது. மண்ணுக்கு அடியில் ஜல்லி, ஜல்லிக்குள் துளை போட்ட குழாய். வடிந்த நீர் அந்தக் குழாய் வழியாகக் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ வடிகாலுக்கோ போய்விடும்.

கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் மொண்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆற்றின் மேல் ஓடும் நீர் கலங்கலாக இருந்தாலும் ஊற்றில் சுரப்பது தெளிவாக இருக்கும். நீர் மணலைக் கடந்து வருவதுதான் காரணம். அந்த மணலைத்தான் வீட்டு வாசலில் ஒரு தொட்டிக்குள் அடுக்குகிறோம்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறது. அது போதாதா?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகள் பெரும்பாலும் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் மணலும் நிரப்பி, மேலே சிலாப் போட்டு மூடியவை. அவற்றில் எத்தனை குழிகளை நாம் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறோம்? மாடியிலிருந்து வந்த தூசியும் சருகும் அடியில் படிந்து, சில ஆண்டுகளிலேயே குழி அடைபட்டுவிடும். மூடி இருப்பதால் அடைபட்டது வெளியே தெரிவதுமில்லை.

குழியை மூடிவிடச் சொல்லவில்லை. குழிக்குப் போகும் நீரை முதலில் தொட்டியில் வடிகட்டி அனுப்புங்கள். சேறு தொட்டியின் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அங்கே தங்கினால் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும், ஒரு மண்வெட்டியால் வழித்து எடுத்துவிடலாம். பத்தடி ஆழத்தில் படிந்த சேற்றை யார் எடுப்பது?

மாடியில் விழுவது மழைநீர்தானே. அதில் வடிகட்ட என்ன இருக்கிறது?

கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் ஒரு கண்ணாடி டம்ளரைக் குழாய் வாயில் பிடித்துப் பாருங்கள். நான் பிடித்த டம்ளரில் நீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. காக்கை, புறா எச்சம், சாலைப் புழுதி, வண்டிப் புகையின் கரி, பெயர்ந்த சுண்ணாம்பு, வேப்பம்பூ, காய்ந்த பாசி எல்லாம் மாடியில் மாதக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. தகரக் கூரையாக இருந்தால் துத்தநாகமும் கொஞ்சம் கரைந்து வரும். மழை தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் இந்த அழுக்கில் பெரும்பகுதி இறங்கிவிடும். அந்தக் கால் மணி நேரத்து நீரைப் பிடித்து வடிகட்டுவதில்தான் தொட்டியின் பெரிய பயன் இருக்கிறது.

மண்ணும் செடியும் எப்படி அழுக்கை எடுக்கும்? நம்பும்படியாக இல்லையே.

ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. நீர் தேங்கி நிற்கும்போது கனமான தூசி படிந்துவிடும். மீதித் துகளை மணல் சல்லடை போலப் பிடித்துக்கொள்ளும். ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்கள் மட்கிலும் களிமண் துகளிலும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் மேலேயுள்ள சில அங்குலங்களுக்குள்ளேயே. எண்ணெய்ப் பசையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். செடியின் வேலை நாம் நினைப்பதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. அது உறிஞ்சும் அழுக்கு குறைவு. வேர்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருப்பதால் நீர் இறங்கும் வழி அடையாமல் இருக்கிறது. செடியே இல்லாத மணல் தொட்டி சீக்கிரம் மேலோடு கட்டி இறுகிவிடும்.

அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் நடந்த ஒரு சோதனையை இதற்குச் சொல்வேன். முட்டையிடக் கடலிலிருந்து ஓடைக்கு ஏறிவரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்ததும் சில மணி நேரத்தில் துடித்துச் செத்துக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரை ஒரு தொட்டியிலும், அதே நீரை மணலும் மட்கும் கலந்த மண் வழியாக வடித்து இன்னொரு தொட்டியிலும் விட்டு ஆராய்ச்சியாளர்கள் மீன்களை வைத்துப் பார்த்தார்கள். வடிக்காத நீரில் மீன்கள் செத்தன, வடித்த நீரில் பிழைத்தன. டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி உண்டாகும் நச்சுதான் காரணம் என்பது 2020இல்தான் தெரியவந்தது. நஞ்சுக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே மண் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மண்மேல் எனக்கிருந்த மரியாதை இதைப் படித்த பிறகு இன்னும் கூடியது.

இது யார் கண்டுபிடிப்பு? வேறு எங்காவது செய்திருக்கிறார்களா?

நகரத்து மழைநீரை மண்ணிலும் செடியிலும் வடிகட்டும் முறையை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் ஒழுங்காக வகுத்துச் செய்யத் தொடங்கினார்கள். அதைத் தொட்டிக்குள் அடக்கித் தெருவோரத்துக்குக் கொண்டுவந்ததில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் பேர்போனது. அங்கே பல்கலைக்கழகத்துக்கு அருகில் 12ஆவது அவென்யூவில் 2005இல் கட்டிய நான்கு தொட்டிகளின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். தெருவோர நீர் முதல் தொட்டிக்குள் நுழைகிறது. ஆறு அங்குலம் நிரம்பியதும் மறுவாய் வழியாகத் தெருவுக்கே திரும்பி, சரிவில் இறங்கி அடுத்த தொட்டிக்குள் போகிறது. நான்கும் நிரம்பினால்தான் மிச்சம் மழைநீர் வடிகாலுக்கு. ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்கு நீர் போவதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய ஏற்பாடு.

பிலடெல்பியா 2011இல் இருபத்தைந்து ஆண்டுத் திட்டமாகவே இதைக் கையில் எடுத்தது. அந்த ஊரின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும். பெருமழையில் குழாய் பொங்கி ஆற்றில் கலந்துவிடும். சிங்கப்பூரிலும் 2006இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் இதே வகைப் பாத்திகள் கட்டப்பட்டிருக்கின்றன.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

மாடியின் பரப்பில் நூற்றுக்கு ஆறு பங்கு என்பது போர்ட்லண்ட் கையாண்ட எளிய கணக்கு. ஆயிரம் சதுர அடி மாடிக்கு அறுபது சதுர அடித் தொட்டி, அதாவது பதினைந்துக்கு நான்கு. எங்களுடையது இதே அளவுதான். இடம் இல்லாதவர்கள் நாற்பது சதுர அடி கட்டினாலும் பயன் உண்டு. கொஞ்சம் சீக்கிரம் வழியத் தொடங்கும், அவ்வளவுதான்.

இனி மழைக்கணக்கு. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஒரு சாதாரண வீட்டு மாடியில் மட்டும் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர் விழுகிறது. அறுபது சதுர அடித் தொட்டியில் எட்டு அங்குலம் நீர் தேங்கினால் அது 1,100 லிட்டர். மணிக்கு ஆறு அங்குலம் இறங்கும் மண்ணாக இருந்தால் இன்னும் 800 லிட்டருக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆக, ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் பெய்தாலும் ஒரு சொட்டு வழியாமல் தொட்டி சமாளிக்கும். மணிக்கு ஒன்பது மில்லிமீட்டர் வீதம் நாள் முழுவதும் சீராகப் பெய்தாலும் அப்படியே வடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால்? 2015 போல வந்தால்?

வழியும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் 4,650 லிட்டர். மேலே சொன்ன கணக்கில் பாதிக்கு மேல் தொட்டியில் நில்லாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழை எங்கள் மாடியில் விழுந்திருந்தால் 45,000 லிட்டர். இந்தத் தொட்டி வைத்தால் வெள்ளம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளத்துக்கு ஏரியும் சதுப்பு நிலமும் கால்வாயும்தான் வேண்டும். அவற்றைக் காப்பாற்றாமல் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிப் பயனில்லை.

ஆனால் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் அப்படிக் கொட்டும் மணி நேரங்கள் சில. மற்றதெல்லாம் தொட்டிக்கு அடங்கும் மழை. முதல் கால் மணி நேரத்து அழுக்கு நீர் பெருமழையிலும் தொட்டிக்குள் வந்துவிட்டுத்தான் போகிறது. இதனால்தான் கொத்தனாரிடம் நான் முதலில் பேசச் சொல்வது உபரிநீர்க் குழாயைப் பற்றி. மண் மட்டத்துக்கு எட்டு அங்குலம் மேலே வாய் வைத்து, வரும் குழாயைவிடக் குறையாத அகலத்தில், நேராக வடிகாலுக்குப் போக வேண்டும். இந்தக் குழாய் இல்லாத தொட்டி, என்றாவது ஓர் இரவு நீரை உங்கள் வீட்டு வாசற்படிக்கு அனுப்பிவிடும்.

தொட்டியின் அடியைத் திறந்து விடுவதா, மூடுவதா?

உங்கள் காலடியில் உள்ள மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோர மணல் என்றால் அடியைத் திறந்தே விடுங்கள், நீர் அங்கேயே நிலத்துக்குள் போகட்டும். எங்கள் பக்கம் களிமண். நீர் இறங்காது. வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. இப்படிப்பட்ட இடங்களில் அடியில் கான்கிரீட் போட்டு மூடி, துளைக்குழாய் வழியாக நீரைக் கிணற்றுக்கோ ஆழமான உறைகிணற்றுக்கோ கொண்டுபோக வேண்டும்.

தெரியாவிட்டால் சோதித்துப் பாருங்கள். இரண்டடிக் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது இறங்கிய பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை நிரப்பியது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. மறுநாளும் நீர் நின்றால் மூடிய தொட்டி. மண் நன்றாக உறிஞ்சினாலும் வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்து அடிக்குள் என்றால் மூடிய தொட்டிதான் கட்ட வேண்டும்.

உள்ளே என்னென்ன, எந்த வரிசையில் போட வேண்டும்?

அடியிலிருந்து சொல்கிறேன். முதலில் 20 மில்லிமீட்டர் ஜல்லி எட்டு அங்குலம், அதற்குள் நான்கு அங்குலத் துளைக்குழாய். அதன்மேல் 6 மில்லிமீட்டர் சிப்ஸ் ஜல்லி மூன்று அங்குலம். அதன்மேல் மண்கலவை ஒன்றரை அடி. கலவைக்கு மேல் இரண்டு விரற்கடை அளவுக்குக் கூழாங்கல் பரப்பினால் மழை விழும் வேகத்தில் மண் பறிக்காது. தென்னை நாரும் சருகும் மூடாக்காகப் போட்டால் நீர் தேங்கியதும் மிதந்துபோய் உபரிநீர்க் குழாயை அடைக்கும். எட்டு அங்குலம் நீர் நிற்கவும் இரண்டு அங்குலம் வெற்றுச்சுவருக்கும் இடம் விட்டால் உள்ளுயரம் மூன்றேகால் அடி வரும். ஜல்லியையும் சிப்ஸையும் கொட்டுவதற்கு முன் கழுவியே தீர வேண்டும். கல்தூள் ஒட்டிக்கொண்டு போனால் அதுவே அடியில் குழம்பாகிக் குழாய்த் துளையை அடைக்கும்.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே துணி விரிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் முதலில் விரித்தேன். இரண்டாவது ஆண்டு நீர் இறங்குவது நின்றுபோனது. தோண்டிப் பார்த்தபோது மண்ணில் குறை ஒன்றும் இல்லை. அந்தத் துணியின்மேல் தோசைமாவு போல ஒரு கருஞ்சேறு வழுவழுவென்று படிந்திருந்தது. துணியைத் தூக்கியதும் தேங்கியிருந்த நீரெல்லாம் ஜல்லிக்குள் மடமடவென்று இறங்கியது. நடுவில் சிப்ஸ் அடுக்கு இருந்தால் துணி வேண்டவே வேண்டாம்.

தோட்டத்து மண்ணையே போட்டு நிரப்பினால் என்ன?

நிரப்பாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிச் செய்து, நான்கு நாள் நீர் நின்று, செடியெல்லாம் அழுகிப்போனது. களிமண் நீரை விடாது.

நான் போடுவது ஏழு பங்கு மணல், இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய இலைமட்கு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போடலாம், ஆனால் நன்றாகக் கழுவி. பூச்சு வேலைக்கு விற்கும் நைஸ் மணல் உதவாது. மட்கை அளவுக்கு மேல் போட்டால் அதிலிருந்தே உரச்சத்து கரைந்து வெளியே வரும், வடிகட்டப் போய் அழுக்கைச் சேர்த்த கதையாகிவிடும்.

கலவை சரியா என்று பார்க்க இருபது அங்குலமாவது உயரமுள்ள ஒரு பழைய வாளி போதும். அடியில் ஆணியால் இருபது துளை போட்டு, கொஞ்சம் சிப்ஸ் போட்டு, அதன்மேல் கலவையை ஓரடிக்கு நிரப்பி, முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள். பிறகு ஆறு அங்குலம் நீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நீர் மறைந்தால் கலவை சரி. பத்து நிமிடத்தில் ஓடிவிட்டால் வடிகட்ட நேரம் இல்லை, செம்மண் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்று மணி நேரம் நின்றால் மணல் கூட்டுங்கள். ஒரு டிராக்டர் மணலை இறக்கிய பிறகு வருந்துவதைவிட ஒரு வாளியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவது மேல்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விலை மாறுவதால் அளவைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அறுபது சதுர அடித் தொட்டிக்கு மண்கலவை 90 கன அடி, அதில் மணல் மட்டும் 63. அமுங்குவதற்கும் சேர்த்து முக்கால் யூனிட் வாங்குங்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. பெரிய ஜல்லி 40 கன அடி, சிப்ஸ் 15. சுவர் ஒன்பது அங்குலம் கட்டுங்கள். நாலரை அங்குலச் சுவர் ஈரமண்ணின் தள்ளலைத் தாங்காது.

கொசு வராதா? டெங்கு பயமாக இருக்கிறதே.

நியாயமான பயம்தான். கொசு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். தொட்டியில் எட்டு அங்குல நீர் புதிதில் ஒன்றரை மணி நேரத்திலும், மண் பழகிய பிறகு மூன்று நான்கு மணி நேரத்திலும் இறங்கிவிடும். மழை விட்டு ஒரு நாள் கழித்தும் நீர் நின்றால் தொட்டி கெட்டுவிட்டது என்று பொருள், உடனே மேல்மண்ணைக் கிளற வேண்டும். உபரிநீர்க் குழாய்க்கும் வடிகுழாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். பெருச்சாளி நுழையாமல் இருக்க அதற்கு வெளியே கம்பி வலையும் வேண்டும். குழாய்க்குள் பெருச்சாளி வளை வைத்து ஒரு முழுச் சுவரையே சரித்துவிட்ட தொட்டியைப் பார்த்திருக்கிறேன்.

சுவரில் ஓதம் ஏறிவிடும் என்று கொத்தனார் சொல்கிறாரே?

அவர் சொல்வது சரி. வீட்டுச் சுவரையே தொட்டியின் ஒரு பக்கமாக வைத்துக் கட்டினால் நிச்சயம் ஏறும். தொட்டிக்கு நான்கு பக்கமும் தனிச் சுவர் எழுப்பி, வீட்டுச் சுவருக்கும் அதற்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விடுங்கள். உட்புறம் நீர்க்காப்புப் பூச்சு பூசி, மண் போடும் முன் இரண்டு நாள் நீர் நிரப்பிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் தளம் போட்டதும் பாத்தி கட்டி நீர் நிறுத்திப் பார்ப்போமே, அதேபோல.

என்ன செடி வைக்கலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் கழுத்தளவு நீரையும், சித்திரை, வைகாசியில் வறண்ட மணலையும் ஒரே செடி தாங்க வேண்டும். இதைத் தாங்காத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கல்வாழை என் முதல் தேர்வு. வெயிலில் இலை கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் காத்திருந்து முதல் மழையில் குருத்துவிடும். வெட்டிவேர் அடுத்தது. அதன் வேர் நேர்கீழாக இறங்கி மண்ணைத் திறந்து வைக்கும். குடைக்கோரையை நீர் விழும் பக்கமாக வைக்கலாம். வசம்பும் சேம்பும் எப்போதும் ஈரம் கேட்பவை, கோடையில் போய்விடும். ஆலும் அரசும் காக்கை எச்சத்திலேயே முளைக்கும், இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடுங்கள். வேர் குழாயைத் தேடிப் போவதில் அவற்றுக்கு நிகர் இல்லை.

கோடை முழுவதும் நாங்கள் நீர் ஊற்ற வேண்டுமா?

முதல் கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை ஊற்றுங்கள். வேர் இறங்கிய பிறகு அவ்வளவு தேவைப்படாது. மூடிய தொட்டி என்றால் இன்னொரு வழியும் உண்டு. வடிகுழாய் வெளியேறும் இடத்தில் எல்போ என்ற வளைவு இணைப்பை வைத்து அதன் வாயைப் பத்து அங்குலம் உயர்த்திவிட்டால், ஜல்லிக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கும். மண்ணுக்கு அடியில் இருப்பதால் கொசுவுக்கு எட்டாது, வேருக்கு எட்டும். அந்தக் காற்றில்லாத நீரில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றி வெளியேற்றும். சாதாரணமாக மண் பிடிக்காமல் விட்டுவிடும் பொருள்களில் நைட்ரேட்டும் ஒன்று என்பதால் இந்த எல்போவை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

கீரை, தக்காளி போடலாமா? உரம்?

உரம் போடவே கூடாது. போட்டது அடுத்த மழையில் கரைந்து உங்கள் கிணற்றுக்குத்தான் போகும். உரம் இல்லாமல் அந்த மணலில் கீரை வளராது. அத்துடன், மாடியிலிருந்து வந்த எச்சமும் உலோகமும் மேல்மண்ணில்தான் தங்குகின்றன என்று முன்பே சொன்னேன், கீரையின் வேர் இருப்பதும் அதே மேல்மண்ணில்தான். கீரைக்கு வேறு தொட்டி வையுங்கள்.

மொட்டை மாடியிலேயே, அல்லது பால்கனியில் வைத்துவிட்டால் இடம் மிச்சம்தானே?

வேண்டாம். மழையில் நிரம்பிய தொட்டி சதுர மீட்டருக்கு ஒன்றரை டன் எடை இருக்கும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்கே கணக்குப் போட்டுக் கட்டப்படுகின்றன. செங்கல் சுவரைச் சேர்க்காமலே எங்கள் தொட்டியின் எடை எட்டு டன். அதைத் தரைதான் தாங்கும். அடுக்குமாடி மேல்தளத்தில் செய்தே ஆகவேண்டும் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

வடிந்த நீர் கண்ணாடி போல இருக்கிறதே, குடிக்கலாமா?

கூடாது. தூசி, உலோகம், எண்ணெய் ஆகியவற்றை மண் நன்றாகப் பிடிக்கிறது. கிருமிகளை ஓரளவுதான் பிடிக்கிறது, கரைந்த உப்பைப் பிடிப்பதே இல்லை. கிராமங்களில் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பார்கள். அப்படித் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். இதுவும் அப்படித்தான்.

தோட்டம், வாசல் தெளிப்பது, வண்டி கழுவுவது, கழிப்பறை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கள் வீட்டில் கிணற்றுக்குப் போகிறது. குடிநீர் வரும் சம்ப்புடன் மட்டும் இணைக்காதீர்கள்.

துணி துவைத்த நீர், மாடி கழுவிய நீர்?

இரண்டும் கூடாது. சோப்பு நீரிலுள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து இறுகச் செய்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டு மாடியைக் கழுவினால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும், எண்ணெயைத் தின்பவை அவைதான். மாடி கழுவும் நாளில் நீரை வேறு வழியில் திருப்பிவிட, தொட்டிக்கு வரும் குழாயில் ஒரு டி-கிளையும் மூடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் தேங்கும் தெருநீரையும் இதிலேயே விட்டுவிடலாமா?

இந்தத் தொட்டியில் விடாதீர்கள். தெருநீரில் டயர் தூளும் எண்ணெயும் அதிகம், நம் தெருக்களில் சாக்கடையும் கலந்துவிடுகிறது. வடிந்தது கிணற்றுக்குப் போகும் வீட்டில் அந்த ஆபத்து தேவையில்லை. தெருநீருக்கென்று தெருவோரத்திலேயே, வடிகாலுக்குப் போகும்படி தனித்தொட்டி கட்ட வேண்டும். போர்ட்லண்டில் செய்தது அதைத்தான். அது மாநகராட்சியின் இடம், மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. நடைபாதையைத் தோண்டி மழைநீர் வடிகால் போடும்போதே பத்தடிக்கு ஒரு தொட்டி சேர்த்துக் கட்டினால் என்ன என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பராமரிப்பு நிறைய இருக்குமா?

ஆண்டுக்கு மூன்று நாள். புரட்டாசிக் கடைசியில் மாடியைப் பெருக்கி, தொட்டியின் சருகை அள்ளி, உபரிநீர்க் குழாயில் ஒரு குடம் நீர் ஊற்றிப் போகிறதா என்று பார்ப்பது ஒரு நாள். தொடக்க மழைகள் முடிந்ததும் குழாய் விழும் இடத்தில் படிந்த சேற்றை வழிப்பது ஒரு நாள். தை பிறந்ததும் வெட்டிவேரையும் கல்வாழையையும் கழித்துவிடுவது ஒரு நாள்.

வழித்த சேற்றை எங்கே போடுவது? மண்ணை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

முழுவதும் மாற்றத் தேவையில்லை. நீர் இறங்குவது மந்தமாகும்போது மேலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட்டால் போதும். நாங்கள் ஆறு ஆண்டில் ஒருமுறைதான் அப்படிச் செய்தோம். வாளிச் சோதனையைத் தொட்டியிலேயே செய்து பார்த்து முடிவெடுங்கள். ஆறு அங்குலம் நீர் இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் மேல்மண் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எடுத்த மண்ணில் உலோகம் சேர்ந்திருக்கும், காய்கறிப் பாத்தியில் போடாதீர்கள். மாட்டுக்குத் தீவனப்புல் வளர்க்கும் இடத்திலும் போடாதீர்கள். நாங்கள் அதைச் சாக்கில் கட்டி வைத்திருந்து, கேட்டுக்கு வெளியே சிமெண்டுச் சாய்தளம் போட்டபோது அடியில் நிரப்பிவிட்டோம். தளத்துக்கு அடியில் போனதால் மழை அதைத் தொடாது.